சூரியன் திருடாது

அவர் சூரியனைத் தவிர வேறு யாரையும் நம்பியதில்லை. சாமி கும்பிடுவார்; ஆனால் பூசாரி உண்டியலைத் திறக்கும்போது பக்கத்தில் போய் நின்றுகொள்வார். பாசாரில் மீன் வாங்கினால் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பிறகு மீன்காரரின் முகத்தைப் பார்ப்பார். செவுள் சிவப்பாக இருந்தும் முகம் பிடிக்கவில்லை என்றால் வாங்கமாட்டார்.

"சூரியன் திருடாதுய்யா," என்பார். "காலையில வரேன்னா வருது. சாயந்திரம் போறேன்னா போவுது. இப்படி ஒரு மனுஷனக் காட்டு, என் காதை அறுத்துக்கிறேன்."

ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது இதைச் சொல்வார். நான் அவரோடு ஒன்றரை வருஷம் இருந்தேன். கணக்குப் போட எனக்குத் தெரியாது, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் அவரைப் பார்த்தது கிள்ளானில், ஒரு பேட்டரிக் கடையில். தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அப்போது லோரியில் கெலிண்டான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் ஏற்றி இறக்கி, வண்டி பின்னால் வரும்போது "வா வா வா" என்று கத்துகிற வேலை. ஐந்தாம் வகுப்போடு போதும் என்று பள்ளிக்கூடமே சொல்லிவிட்ட பிறகு, பந்திங்கில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை சுமந்திருக்கிறேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறேன், சுபாங் ஜெயாவில் வீடு கட்டுகிற இடத்தில் சிமெண்டு கலந்திருக்கிறேன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. அன்று முதலாளி லோரியை விற்றிருந்தார். லோரி போனால் கெலிண்டானும் போக வேண்டியதுதான். பையோடு கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அறுபது வயதுக்காரர் ஒருவர், பேட்டரிக்குள் ஊற்றியது அமிலமா வெறும் தண்ணீரா என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் சீனர், நன்றாகத் தமிழ் பேசுவார். "நம்பலன்னா விரல விட்டுப் பாரு லா, அங்கிள்," என்றார்.

அவர் விரலை விட்டே பார்த்தார்.

பிறகு குழாயடியில் விரலை உதறி உதறிக் கழுவியபடி என்னிடம் வந்து, "யோவ், இந்தப் பேட்டரியைத் தூக்குவியா?" என்று கேட்டார். தூக்கினேன். படுக்க ஒரு கொட்டகையும் மூன்று வேளைச் சோறும் கிடைத்தன. சோறு என்றால் சோறும் டின் மீன் குழம்பும். வாரத்தில் ஏழு நாளும் டின் மீன். டின்னுக்குள் இருக்கிற மீனை மட்டும் எப்படி நம்பினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மேருவில் தொழிற்சாலைகள் முடிகிற இடத்தில், பெரிய சாலையிலிருந்து ஒரு செம்மண் பாதை செம்பனைத் தோட்டத்துக்குள் இறங்கும். அதன் கடைசியில்தான் அவருடைய கம்பம். கிராமத்துக்கு மலாயில் அதுதான் பெயர். பலகையும் தகரமுமாகப் பதினேழு வீடுகள், ஒரு சின்ன மாரியம்மன் கோயில். நிலம் யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தங்களுடையது இல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். அதனால் மின்சாரக் கம்பி பெரிய சாலையோடு நின்றுவிட்டது. சாலையோரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற கொட்டகைக்கு மேலே ஒரு தெருவிளக்கு எரியும். அதைத் தாண்டி உள்ளே வந்தால் மண்ணெண்ணெய்.

அந்த மண்ணெண்ணெய் ஆட்சியை முடித்துவைத்தவர் இவர்தான். அதை மறுக்கமாட்டேன். ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றதும், ஒரு மலையுச்சித் தொலைபேசிக் கோபுரத்தில் உழைத்துத் தேய்ந்த நான்கு சூரியப் பலகைகளைப் பழைய சாமான் ஏலத்தில் எடுத்து, கொட்டகைக் கூரையில் ஏற்றி, லோரி பேட்டரி ஆறை வரிசையாக வைத்து, பதினேழு வீட்டுக்கும் கம்பி இழுத்துவிட்டார். ஏற்றுகிற அன்று ஒன்பதாம் வீட்டுக்காரர், பாசாரில் கோழி விற்கிறவர், "கரும்பலகை எதுக்கு மேல போவுது? காக்காய்க்குப் பாடம் எடுக்கவா?" என்று கேட்டாராம். அன்று மாலை அவர் வீட்டில் குழல்விளக்கு எரிந்தபோது அவர்தான் முதலில் அழுதாராம். இதெல்லாம் நான் வருவதற்கு முன்பு நடந்தது. நான் வந்தபோது அழுகை முடிந்து சட்டம் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு ஒரு விளக்கு. முழங்கை நீளம். மாலை ஏழிலிருந்து பத்துவரை. காத்தாடி கூடாது, டிவி கூடாது, இஸ்திரிப் பெட்டியைக் கனவில்கூடப் பார்க்கக்கூடாது. கொட்டகைச் சுவரில் ஒரு அளவுமானி இருந்தது. அதன் கண்ணாடியில் ஒரு பக்கம் பச்சைப் பெயிண்டும் மறுபக்கம் தன் மகளுடைய சிவப்பு நகப்பூச்சும் தடவியிருந்தார். முள் பச்சையில் நின்றால் எல்லாரும் நல்லவர்கள். சிவப்புப் பக்கம் சாய்ந்தால் கம்பத்தில் ஒரு திருடன் இருக்கிறான். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

கதவைத் தட்டாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைவார். நிமிர்ந்து விளக்கைப் பார்ப்பார், மூலைகளைப் பார்ப்பார், போய்விடுவார். ஒரு வீட்டில் பரிசம் போடுகிற அன்று யாரோ கலர் பல்புச் சரம் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சரத்தைக் கழற்றி, சுருட்டி, பெண்ணின் அப்பா கையில் கொடுத்தார். "பகல்ல வெச்சுக்கக் கூடாதா? சூரியன் சும்மாதானே நிக்குது," என்றார். மாப்பிள்ளை வீட்டார் இவரைப் பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்து மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"வெளியில பெரிய கம்பிக்காரன் வெச்சதுதான் சட்டம்," என்பார். பெரிய சாலையோடு நின்றுவிட்ட மின்சார வாரியத்துக்கு அவர் வைத்த பெயர் அது. "இங்க அப்படி இல்ல. இங்க நாமதான் ராஜா." நாம் என்று சொல்லும்போது தன்னுடைய நெஞ்சைத்தான் தொடுவார். முகத்துக்கு நேரே அவரைக் கரண்டு அங்கிள் என்றார்கள். முதுகுக்குப் பின்னால் மந்திரி.

அந்த இஸ்திரி போட்ட சட்டையைச் சொன்னேன் அல்லவா? அவருடைய மனைவி மகளோடு பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார். பெரிய கம்பியின் கரண்டு, ஐஸ் பெட்டி, ஒவ்வொரு அறைக்கும் காத்தாடி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை இவர் ஒரு பை நிறைய அழுக்குத் துணியோடு பஸ் ஏறுவார். ஞாயிறு மாலை, மடிப்புக் கலையாத ஐந்து சட்டையும் ஒரு பிளாஸ்கில் ஐஸ் தண்ணீருமாகத் திரும்புவார். ஒருமுறை கேட்டேவிட்டேன். "அங்கிள், அங்க காத்தாடிக்குக் கீழதான் படுப்பீங்களா?"

"எதிரியோட பலம் என்னன்னு தெரிஞ்சுக்கணும்ல," என்றார்.

எதிர்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். மேரு, பந்திங், சுபாங் ஜெயா என்று வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் தலையில் ஒரு சூரியன், வட்டங்களுக்கு நடுவே கோடுகள். "இன்னும் இருபது முப்பது வருஷம். ஒவ்வொரு கூரையும் ஒரு மின்சார நிலையம். ஒவ்வொரு கம்பமும் தன் கரண்டைத் தானே பாத்துக்கும். மேருவுல மழைன்னு வை, பந்திங்ல வெயில் அடிக்கும். பந்திங் நமக்கு அனுப்பும்."

கோழிக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். "பந்திங்காரன் எதுக்கு லா நமக்கு அனுப்பணும்?"

"நாளைக்கு அங்க மழைன்னா நாம குடுப்போம்ல."

"நாம குடுப்போமா, அங்கிள்?"

அவர் பந்திங் வட்டத்தின்மேல் விரலை வைத்தார். "அவன் வீட்டுல எத்தன விளக்கு எரியுதுன்னு மொதல்ல நான் போய்ப் பாக்கணும்," என்றார்.

இப்போது சுபாங் ஜெயா பக்கம் போகும்போது பார்க்கிறேன், கூரை கூரையாக அதே கரும்பலகைகள். மிச்சக் கரண்டைப் பக்கத்து வீட்டுக்கு விடலாம், குடியிருப்புக்குக் குடியிருப்பு கைமாற்றிக்கொள்ளலாம் என்று படித்தவர்கள் பேசுகிறார்கள். எல்லாம் அந்தக் காலண்டர் தாளில் இருந்ததுதான். அவர் சொன்னது பலித்துவிட்டதே என்பதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அந்த மாதிரி ஆட்கள் சொல்வது பலிக்கக் கூடாது.

இனி அக்காவைச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் இல்லை, நான் அப்படிக் கூப்பிட்டேன். பதினேழாம் வீடு, கம்பியின் கடைசி. கணவர் துறைமுகத்தில் வேலைக்குப் போய், அங்கிருந்து வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டவர். அக்கா பகலில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போவார். மாலையில், கையால் சுற்றுகிற பழைய தையல் மிஷினில் கிள்ளான் கடை ஒன்றுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பார். கடைசி வீடு என்பதால் விளக்கு மற்ற வீடுகளைவிட மங்கல்தான். அந்த மங்கலான மூன்று மணி நேரம்தான் அவருக்கு இரண்டாவது வேலை.

அவருடைய வாசலில் ஒரு முருங்கை இருந்தது. நான் வந்த இரண்டாம் மாதம் அதை வெட்டச் சொன்னார் அங்கிள். மரத்தின் நிழல் பலகையில் விழவில்லை. காற்றில் இலை பறந்து வந்து விழுகிறதாம்.

"ஒரு எலை விழுந்தா என்ன ஆயிடும் அங்கிள்?" என்றார் அக்கா.

"பாரும்மா. ஒரு பலகையில முப்பத்தாறு கட்டம். எல்லாம் கை கோத்து நிக்குது. ஒரே ஒரு கட்டத்தை மறைச்சாப் போதும், மொத்தப் பலகையும் படுத்துக்கும்."

"ஒருத்தன் படுத்தா எல்லாரும் படுத்துக்குவானா? எங்க ஃபாக்டரிமாதிரிதான் போல."

முருங்கையை நான்தான் வெட்டினேன். அன்று கீரை எல்லா வீட்டுக்கும் போயிற்று. அங்கிள் மட்டும் வாங்கவில்லை. டின் மீன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. லோரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிறோம். நமக்குச் சோறு போடுகிற கருவிக்குச் செய்கிற மரியாதை. கரண்டு போடுகிற கருவிக்குச் செய்யாமல் விடலாமா? குளித்துவிட்டு, ஒரு சட்டிச் சந்தனத்தோடு ஏணியில் ஏறினார். பலகைக்கு ஒரு பொட்டு என்று நினைத்தேன். கட்டத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். நான்கு பலகை, ஒவ்வொன்றிலும் முப்பத்தாறு கட்டம், ஒன்றுகூட விடவில்லை. ஒவ்வொரு சந்தனப் பொட்டுக்கும் நடுவில் குங்குமம். அதற்குமேல், பலகையின் குறுக்கே மூன்று விரலால் விபூதிப் பட்டை. கீழே நாங்கள் பதினேழு வீட்டுக்காரர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பார்க்க உண்மையாகவே அழகாக இருந்தது. பழனியாண்டவரையே நான்காக வெட்டிக் கூரையில் சாய்த்துவைத்ததுபோல.

அதே வாரம் புகைமூட்டமும் வந்தது. எங்கேயோ காடு எரிந்து, அந்தப் புகை எங்கள் தலைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. நடுப்பகலிலும் சூரியன் அரைத்த மஞ்சள் உருண்டை மாதிரி தெரிந்தது. மழை அடியோடு நின்றுவிட்டது. சந்தனம் பலகையில் காய்ந்து இறுகிப் பொருக்குக் கட்டியது.

முள் சிவப்பில் விழுந்தது. எட்டரை மணிக்கே எல்லா வீட்டிலும் விளக்கு சோர்ந்தது.

அங்கிள் சூரியனைச் சந்தேகிக்கவில்லை. "வந்துட்டான் பாரு," என்று புகைக்குள் கையைக் காட்டினார். "மங்கலா இருக்கான். ஆனா வந்துட்டான்ல? அவன் குடுக்கிறதைக் குடுக்கிறான். நடுவுல எவனோ எடுக்கிறான்."

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது என் வேலை. அன்று ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சொன்னேன். "அங்கிள், மேல சந்தனம் காஞ்சு கெடக்கு. தொடச்சு விட்டுடவா?"

"எதை?"

"ஒரு எலை விழுந்தாலே பலகை படுத்துக்கும்னு முருங்கையை வெட்டச் சொன்னீங்களே."

"சந்தனம் எலையா?" என்றார். "யோவ், உன் நெத்தியில பட்டை போட்டா உனக்குக் கண்ணு தெரியாமப் போயிடுதா? சாமிக்கு வெச்சது மறைக்காது. போய்ப் பானையில சோறு இருக்கு, சாப்பிடு."

போய்ச் சாப்பிட்டேன்.

அன்று மாலையே வீடு வீடாகச் சோதனை. பதினாறு வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. பதினேழாம் வீட்டில், வாசல் பக்கம் இருக்க வேண்டிய விளக்கு உள்ளே தையல் மிஷினுக்கு மேலே தொங்கியது. கம்பியில் ஆறடி ஒட்டுப் போட்டிருந்தது.

"இது என்ன?"

"விளக்கு வாசல்ல எரியுது, மிஷின் உள்ள இருக்கு அங்கிள். இழுத்துக் கட்டினேன். விளக்கு அதே விளக்குதான்."

"யாரைக் கேட்டு இழுத்த?"

"என் வீட்டுச் செவத்தைக் கேட்டேன். சரின்னுச்சு."

அந்தப் பதிலைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம். அங்கிள் ஒட்டுப் போட்ட கம்பியைப் பாம்பு அடித்தவர்போலத் தூக்கிக் காட்டினார். "முள்ளு பொய் சொல்லாது. சூரியன் திருடாது. அப்ப யாரு?"

அக்கா எழுந்தார். "தீபாவளிக்கு இன்னும் பத்து நாள். பதினெட்டு ரவிக்கை இருக்கு. நான் வேணும்னா அந்தக் கம்பியைக் கழட்டிடறேன். விளக்கை மட்டும் விட்டுடுங்க. நான் திருடல."

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திருடி என்றால் மற்ற பதினாறு பேரும் உத்தமர்கள். அப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வருமா? முதலில் கோழிக்காரர் கை தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கையும் எழுந்தது. நான் வீட்டுக்காரன் இல்லை, அதனால் எனக்குக் கை தூக்குகிற உரிமை இல்லை. வாய் திறக்க உரிமை வேண்டியதில்லை. அதையும் நான் செய்யவில்லை.

திங்கட்கிழமை காலை அக்கா வீட்டுக் கம்பியை வெட்டினார்கள். திங்கட்கிழமை பிற்பகல் மழை வந்தது.

பத்து நாள் மழையும் சேர்ந்து ஒரே மூச்சில் கொட்டியது. புகையைக் கழுவியது, கூரையைக் கழுவியது, பலகையைக் கழுவியது. கொட்டகைத் தகரத்தின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் வடிவதை நின்று பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. மாலையில் முள் எழுந்து பச்சையின் கடைசிக்கே போய் நின்றது.

அங்கிள் கோயில் மணியை அடித்துவிட்டார். பதினாறு வீடும் ஓடிவந்தன. "பாத்தீங்களா! பாத்தீங்களா! ஒரு கம்பிதான் வெட்டினேன்!" கோழிக்காரர் அம்மன் கழுத்து மாலையைப் பூசாரியிடம் கேட்டு வாங்கி இவர் கழுத்தில் போட்டார். இதற்குமேல் சாட்சி யாருக்கு வேண்டும்?

நான் அக்கா வீட்டுக்குப் போனேன். மண்ணெண்ணெய் விளக்கின் கரி ஒரு வெள்ளைப் பட்டு ரவிக்கையில் இறங்கியிருந்தது. அதைத் தண்ணீரில் அலசி அலசிப் பார்த்துக்கொண்டிருந்தார். கரி பரவிக்கொண்டே போனது. நான் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், ஏணி, நான் கேட்டது, அவர் சொன்னது.

கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை உனக்கு வாய்க்கு என்ன வந்துச்சு தம்பி?"

"அவரு வீட்டுல சாப்பிடறேன், அக்கா."

"நான் டின் மீனைவிட நல்லா சமைப்பேன். தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஆக்கிப் போட்டிருப்பேனே." பிறகு மூலையைக் காட்டினார். "மிஷினத் தூக்கு."

"எங்க?"

"பெரிய கம்பிக்காரன்கிட்ட."

செம்மண் பாதையில் அவர் ஸ்டூலையும் துணி மூட்டையையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் மிஷினைச் சுமந்துகொண்டு பின்னால். பஸ் கொட்டகையின் சிமெண்டுத் திண்டில் வைத்தேன். மேலே தெருவிளக்கு பளீரென்று எரிந்தது. யாரும் அணைக்கப்போவதில்லை, யாரும் எண்ணப்போவதில்லை. அக்கா ஊசியில் நூல் கோத்தார். முதல் தடவையிலேயே நுழைந்தது. "அடேயப்பா," என்றார். லோரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.

கரி பட்ட ரவிக்கையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மற்றதெல்லாம் தீபாவளிக்குப் போய்ச் சேர்ந்தது. அதோடு நிற்கவில்லை. இரவு வேலைக்குப் பஸ்ஸுக்கு நிற்கிற தொழிற்சாலை ஆட்கள், "அக்கா, இந்தக் காற்சட்டையைக் கொஞ்சம் மடிச்சுத் தைக்கிறீங்களா?" என்று ஆரம்பித்தார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்கு மிஷினைக் கொண்டுபோவேன், ஒன்பது மணிக்குக் கொண்டுவருவேன். மற்ற நேரத்தில் அங்கிளின் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். இரண்டு வீட்டிலும் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், பசிக்கவில்லை என்பதுதான் நினைவில் இருக்கிறது.

ஆனால் அக்கா அங்கே சம்பாதித்தது ஒரு பக்கம். கம்பத்துக்குள் அவர் பெயர் திருடி. கோயிலில் பிரசாதம் கொடுக்கும்போது அவருக்குக் கடைசி. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனால் பேச்சு இவர் வாசலைத் தாண்டும்போது நின்றுவிடும். தீபாவளி முடிந்த வாரம் அங்கிள் ஒரு தாளோடு வந்தார். பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டாராம். கையெழுத்து மட்டும் போட்டால் மறுபடி கம்பி. தாளில் அவர் கையெழுத்தில், முத்து முத்தாக: 'நான் பொதுக் கரண்டைத் தவறாக எடுத்தேன். அதனால் கம்பத்து மக்கள் அனைவரும் இருட்டில் சிரமப்பட்டார்கள். இனி இப்படிச் செய்யமாட்டேன்.' கீழே புள்ளிக் கோடு.

அக்கா இரண்டு தடவை படித்தார். "இது என்கிட்டயே இருக்கட்டும் அங்கிள்," என்று மடித்து, மிஷின் பெட்டியின் இழுப்பறையில், பொத்தான்களோடு வைத்துக்கொண்டார். அங்கிள் அதைச் சம்மதத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு வருஷம் காத்திருந்தார். அக்காவும் காத்திருந்தார். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அங்கிளுக்குத் தெரியாது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. போன வருஷத்து வெற்றியில் அங்கிளுக்குக் கை தாராளமாகிவிட்டது. பொட்டு ஒவ்வொன்றும் ஒரு காசு அளவு. சந்தனம் உதிராமல் இருக்க நல்லெண்ணெய் வேறு கலந்திருந்தார். புகை இல்லை. வானம் துடைத்துவைத்ததுபோல நீலம். மழையும் இல்லை. மூன்றாம் நாள் முள் சிவப்பில் படுத்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இந்தத் தடவை யாரும் யார் பக்கத்திலும் நெருங்கி உட்காரவில்லை. அங்கிள் வழக்கம்போலத் தொடங்கினார். "முள்ளு பொய் சொல்லாது. சூரியன் திருடாது—"

"அப்ப யாரு?" என்றார் அக்கா. அவரை யாரும் அழைக்கவில்லை. தானாக வந்து கடைசியில் நின்றிருந்தார். "என் வீட்டுல ஒரு வருஷமா கம்பியே இல்ல. சொல்லுங்க அங்கிள். இந்த வருஷம் யாரு?"

கோழிக்காரர் தன் கால் பெருவிரலைப் பார்த்தார். அங்கிள் வரிசையாகப் பதினாறு முகத்தையும் பார்த்தார். மீன்காரரைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். ஒவ்வொரு முகமும் கீழே கவிழ்ந்தது. நான் எழுந்தேன்.

"போன வருஷமும் இதேதான் அங்கிள். சந்தனம். மழை கழுவினதாலதான் முள்ளு ஏறுச்சு. அன்னிக்கே சொன்னேன். உங்ககிட்ட மட்டும் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கணும்."

அங்கிள் தொண்டையைச் செருமினார். "தொழில்நுட்பக் கோளாறு," என்றார். "நான் பாத்துக்கிறேன். கூட்டம் முடிஞ்சுது."

மறுநாள் விடியும்போது தகரத்தில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அவர் மட்டும் கூரைமேல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரத் துணியால் கட்டம் கட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சந்தனம் லேசில் போகவில்லை, நகத்தால் சுரண்டினார். ஏணியைப் பிடிக்கவா என்று கேட்டேன். அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தார். இறங்கி வந்து, சிவந்த தண்ணீரை வாளியோடு கொண்டுபோய் முருங்கையின் அடிக்கட்டையில் ஊற்றினார். நான் கொட்டகைக்குத் திரும்பியபோது என் பை வாசலில் இருந்தது. ஒழுங்காக, ஜிப் போட்டு வைத்திருந்தார். அதற்குமேல் ஒரு டின் மீன்.

அன்று மாலை முள் பச்சையில் நின்றது. யாரும் மணி அடிக்கவில்லை.

ஏழு மணிக்கு மிஷினை எடுக்க அக்கா வீட்டுக்குப் போனபோது, வாசலில் அங்கிள் நின்றிருந்தார். தோளில் புதுக் கம்பிச் சுருள், கையில் குறடு, மேலே இஸ்திரி போட்ட சட்டை.

"கம்பி கட்ட வந்தேம்மா," என்றார்.

"சந்தோஷம் அங்கிள்," என்றார் அக்கா. உள்ளே போய் இழுப்பறையைத் திறந்து, அந்தத் தாளையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்து நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கட்டுங்க."

"இது... நீ போட வேண்டியதும்மா. உனக்கு எழுதினது."

"பேரு எழுதலையே அங்கிள். யார் வேணும்னாலும் போடலாம்."

அவர் தாளை வாங்கினார். வாங்காமல் இருந்திருக்கலாம், ஆனால் தன் கையெழுத்தையே நம்பாத மனிதர், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் எப்படி விடுவார்?

"மிஷினத் தூக்கு தம்பி, நேரமாச்சு," என்றார் அக்கா. ஸ்டூலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பையை ஒரு தோளிலும் மிஷினை மறு தோளிலுமாகப் பின்னால் நடந்தேன். பாதை திரும்புகிற இடத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். சூரியன், சொன்ன நேரத்துக்கு, செம்பனைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கம்பத்தில் பதினாறு வீட்டில் விளக்கு எரிந்தது. பதினேழாம் வீட்டு வாசலில் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக, அந்தத் தாளை முகத்துக்கு நேராகப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். படிக்க வெளிச்சம் போதவில்லை.